ஒரு நொடிக்கு முப்பது படம்

அவன் மூன்றாவது லேப்டாப்பின் முன்னால் நின்றான்.

முதல் இரண்டையும் கடைப்பெண் காட்டி முடித்திருந்தாள். சட்டையில் குத்தியிருந்த அட்டையில் ஜெபசெல்வி என்று இருந்தது. என்ன வேலைக்கு என்று கேட்டாள். வீட்டு வீடியோக்களைச் சேர்க்கணும், எடிட்டிங் எதுவும் தெரியாது என்றான்.

அப்படியென்றால் எட்டு ஜிபி ரேம் பத்தாது என்றாள். வீடியோ நின்று நின்று ஓடும். பதினாறு இருந்தால் நிம்மதி. எஸ்எஸ்டி குறைந்தது ஐந்நூற்றுப் பன்னிரண்டு ஜிபி வேண்டும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமலே ஆரம்பத்தில் சமாளிக்கலாம்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

பிறகு ஒன்றே ஒன்று கேட்டான். வீடியோவை ஒவ்வொரு படமாக நிறுத்திப் பார்க்க முடியுமா?

முடியும். ஒரு நொடிக்கு முப்பது படம். அம்புக்குறியை ஒரு தட்டு தட்டினால் ஒரு படம் நகரும்.

அவனுக்கு வேண்டியது இரண்டு நொடி.

வீடியோ சேர்க்கச் சொன்னது மதினி. அண்ணன் இசக்கிராஜா ஆற்றோடு போய், வருகிற பதினெட்டாம் தேதியோடு ஒரு வருஷம். அன்றைக்கு வீட்டு டிவியில் ஓடவிட வேண்டும், அவர் இருக்கிறதையெல்லாம் ஒன்றாக்கித் தாருங்கள் என்று கேட்டிருந்தாள். மகளின் காதுகுத்து. புது பைக்குக்கு மாலை. கல்யாண வீட்டில் சாம்பார் வாளியோடு அண்ணன். முப்பத்தேழு துண்டுகள் அனுப்பியிருந்தாள்.

முப்பத்தெட்டாவது அவனிடம் இருந்தது.

அது மதினிக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது.

படித்துறையில் தலை துவட்டிக்கொண்டிருந்தேன், எதையும் பார்க்கவில்லை என்றுதான் போலீசிடம் சொன்னான். மதினியிடமும் அதையே.

துவட்டவில்லை. கையில் போன் இருந்தது.

நடு ஆற்றில் அண்ணனின் தலை. ஒரு கை மேலே எழுகிறது. அண்ணன் எப்போதும் அப்படித்தான். முங்குவதுபோல நடித்துக் கரையில் இருப்பவர்களைப் பதறவைப்பான். படம் பிடித்தவன் சிரிக்கிறான். போதும்ணே, ஏறி வா என்கிறான்.

அப்போது பாலத்தில் ரயில் வந்தது.

போனை அந்தப் பக்கம் திருப்பினான். கடைசிப் பெட்டி போகும்வரை எடுத்தான்.

திரும்பியபோது ஆறு மட்டும் இருந்தது.

போன் திரையில் அண்ணனின் முகம் மிளகளவு. விரலால் இழுத்தால் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடும். விளையாட்டா, கூப்பிட்டதா என்று எத்தனை முறை பார்த்தும் பிடிபடவில்லை. சில நாள் விளையாட்டு என்று தோன்றும். அன்றைக்குச் சோறு இறங்கும்.

உங்கள் வீடியோ ஏதாவது இருந்தால் கொடுங்கள், இதிலேயே ஓட்டிப் பார்த்துவிடலாம் என்றாள் ஜெபசெல்வி.

சட்டைப் பையிலிருந்து பென்டிரைவை எடுத்தான். கடைசியாக இருப்பதைப் போடச் சொன்னான்.

திரை முழுக்க ஆறு.

பக்கத்தில் ஒரு தம்பதி வாஷிங் மெஷின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்கள். வீடியோவிலிருந்து அவனுடைய சிரிப்பு கடைக்குள் சத்தமாகக் கேட்டது. அதைக் கேட்டு ஜெபசெல்வியும் லேசாகச் சிரித்தாள்.

நிறுத்தினாள். அம்புக்குறியைத் தட்டினாள்.

விரல் நுனி.

மணிக்கட்டு.

முழங்கை.

இங்கே பாருங்கள், எவ்வளவு பெரிதாக்கினாலும் படம் உடையவில்லை என்று முகத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள்.

வாய் திறந்திருந்தது. சிரிக்கிற வாய் இல்லை.

கண்கள் நேராக, போன் இருந்த இடத்தைப் பார்த்தன.

"உங்களத்தான் கூப்பிடுறாங்க சார்."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். ரயில் வருகிற இடத்திலிருந்து வேண்டாம் என்றால் இப்படி வெட்டிவிடலாம் என்று திரையில் வெட்டும் கோட்டை இழுத்து வைத்தாள். அவன் அவள் கையைத் தடுப்பதுபோலத் தன் கையை நீட்டினான். வெட்ட வேண்டாம் என்றான். அவள் ஒருமுறை திரையைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள். இரண்டடி தள்ளிப் போய் நின்றாள்.

அங்கேயே நின்றபடி மதினிக்குப் போன் போட்டான்.

துவட்டவில்லை, வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன், ரயில் வந்தது, அந்தப் பக்கம் திரும்பிவிட்டேன் என்று சொன்னான். ஒரு வருஷமாகச் சொல்லாதது. சொல்லி முடிக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

மறுமுனையில் குக்கர் இரைந்துகொண்டிருந்தது. அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. பிறகு நாற்காலி இழுபடும் சத்தம்.

"அவுக ஒங்களப் பாத்தாகளா?"

திரையில் அண்ணன் அசையாமல் இருந்தான்.

"பாத்தாக மதினி."

மதினி அழவில்லை. போனை வைக்கவும் இல்லை. அவன் காதிலிருந்து போனை எடுக்காமல் நின்றான்.

புள்ள பள்ளிக்கூடம் விட்டு வர்றதுக்குள்ள அத எடுத்துட்டு வாங்க என்று கடைசியில் சொன்னாள்.

இதே லேப்டாப் பிரிக்காத பெட்டியில் ஒன்று உள்ளே இருக்கிறது, எடுத்து வருகிறேன் என்றாள் ஜெபசெல்வி.

இதுவே போதும், மூடாமல் அப்படியே கொடுங்கள் என்றான்.