பதினேழாவது விற்பனை

அமெரிக்காவின் டுலூத் நகரில் மார்ச் மாதத்து ஒரு சனிக்கிழமை மதியம் வெர்னா வரிக்கணக்கு போட உட்கார்ந்தாள். கணவர் விற்ற பங்குகளுக்குத் தரகர் தந்த படிவத்தைக் கணினியில் இறக்கியதும், ‘பதினேழு விற்பனைகளில் பதினாறுதான் வந்துள்ளன’ என்றது கணினி. மூன்று முறை முயன்றும் அதேதான்.

உதவி எண்ணை அழைத்தாள்.

“தபால்ல வந்த தாளைப் பாத்து, விட்டுப்போனதை நீங்களே அடிச்சிடுங்கம்மா,” என்றாள் எதிர்முனையில் இருந்த பெண்.

தாள் நிலவறையில் இருந்தது. வெர்னா இறங்கிப் போனாள். வீட்டைச் சூடாக்கும் எந்திரத்தைப் பழுதுபார்க்கப் போயிருந்த கணவர் லைல், அதன் அருகே நினைவில்லாமல் கிடந்தார். வெளிவாசல் கதவைத் திறந்து அவரை வெளியே பனிக்கு இழுத்து வந்தாள்.

“நச்சுப்புகை. இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தா கஷ்டம்,” என்றார் மருத்துவமனையில் மருத்துவர்.

லைல் வீடு திரும்பிய அன்றுதான் அவள் தாளைப் பார்த்தாள். அதில் பதினாறு விற்பனைகளே இருந்தன.

“பதினாறுதானே வித்தேன். கம்ப்யூட்டருக்கு எண்ணத் தெரியலையா?” என்றார் லைல்.

மறுபடி இறக்கினாள். பதினாறில் பதினாறும் வந்துவிட்டன. வெர்னா திரையைப் பார்த்து மெல்ல நன்றி சொன்னாள்.

“யாருக்குச் சொல்றே?”

“தெரியல. நீங்களும் ஒரு தடவை சொல்லிடுங்க.”

லைல் திரையைப் பார்த்து மரியாதையாகத் தொப்பியைக் கழற்றினார்.