முழுக்க இங்கேயே உருவானது

மேஜையின் தலைமாட்டில் முதலாளி; வலப்பக்கம் மேனேஜரான அவர் மைத்துனர்; ஜன்னலோரம் மெக்கானிக்; கதவருகே, கடிதம் எழுதும் நான். நடுவில் எங்கள் கம்பெனி மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது.

உள்நாட்டுத் தயாரிப்பு என்ற சான்றிதழ் இல்லாவிட்டால் பள்ளிக்கூட ஆர்டர் கைநழுவிவிடும். விண்ணப்பத்தைத் தபாலில் சேர்க்க இன்றே கடைசி நாள். விசிறியில் முழுக்க இங்கேயே உருவான ஒன்றையாவது ஆதாரத்துடன் குறிப்பிடும்படி படிவத்தில் கேட்டிருந்தார்கள்.

"மோட்டார்?" என்றார் முதலாளி.

"கப்பல்ல வந்தது, மாமா," என்றார் மைத்துனர்.

"இறக்கை?"

"அதே கப்பல்."

"திருகாணியாவது?"

"அது வேற கப்பல்."

"அப்போ நாம என்னதான்டா பண்றோம்?"

"எல்லாத்தையும் மாட்டுறோம், மாமா."

"மாட்டிக்கப் போறோம்னு சொல்லு. முதல்ல அந்தச் சனியனை நிறுத்துப்பா, யோசிக்க முடியல."

மெக்கானிக் விசிறியை நிறுத்தினார். அந்த அமைதியில்தான் எனக்கு நினைவு வந்தது. காலையில் முதலாளி கசக்கி எறிந்த மூன்று கடிதங்களைக் குப்பைக்கூடையிலிருந்து எடுத்து நீவி, வாசித்துக் காட்டினேன். விசிறியின் சத்தம் பற்றி நாங்கள் அனுப்பிய புகாருக்கு மூன்று வெளிநாட்டுக் கம்பெனிகள் எழுதிய பதில்கள் அவை. மூன்றிலும் ஒரே சங்கதி: 'இச்சத்தம் எங்கள் பாகத்தால் வந்ததல்ல, முழுக்க உங்களிடமே உருவானது.'

"பிரமாதமான வேலைங்க," என்று முதலாளி முதன்முறையாக மெக்கானிக்குக் கைகொடுத்தார்.

'இங்கேயே உருவானது: சத்தம். ஆதாரம்: இணைத்துள்ள மூன்று கடிதங்கள்' என்று எழுதி, உறையை ஒட்டி, பதிவுத் தபாலில் சேர்த்தேன்.