விருந்தாளிக்குக் கஷாயம்

மூட்டுவலிக்கென்று ஆவுடையப்பன் அண்ணாச்சி விற்ற மூலிகைப் பொடியால்தான் செண்பகவல்லியின் புருஷனுக்கு ஈரல் கெட்டது என்று டாக்டர் சொன்ன மறுநாளே, அதே அண்ணாச்சி புதுப் பாட்டிலோடு ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றார்.

"காமாலைக்குக் கைகண்ட கஷாயம் தாயி. எல்லாம் பச்சிலைதான், ஒண்ணும் செய்யாது."

"அரளியும் பச்சிலைதான் அண்ணாச்சி." செண்பகவல்லி பாட்டிலை வாங்கித் திறந்தாள். வந்த விருந்தாளிக்கு மோர் கொடுப்பதுபோல அந்தக் கஷாயத்தையே டம்ளர் நிறைய ஊற்றி நீட்டினாள். "வெயில்ல வந்திருக்கீய, குடிங்க."

"எனக்கென்ன நோயா நொடியா?"

"ஒண்ணும் செய்யாதுன்னீயளே, குடிங்க!"

அண்ணாச்சியின் கை வேட்டி மடிப்பை விட்டு வரவில்லை. நீட்டிய டம்ளரும் இறங்கவில்லை.

கட்டிலில் கிடந்த புருஷன் மஞ்சள் பூத்த கண்களைத் திறந்தான். "பாவம், ஆசையாக் கொண்டாந்திருக்காரு. வீணாக்காத புள்ள, இங்க கொடு" என்று கையை நீட்டினான்.