ஐந்து கால் கொசு

ஏரிக்கரை நகரமான கிசுமுவின் கொசு ஆய்வகத்தில் மூன்று மாதமாகத் தங்கி வரையும் என் மகள் அகேயோவின் ஓவியம் இன்று சுவரேறியிருக்கிறது. அடியில் எங்கள் குடும்பப் பெயர் இருப்பதால் கோட்டுப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நிற்கிறேன். வரைந்த ஆள் உயரக் கொசுவின் மேல், சன்னல் வழியே வரும் ஏரி வெளிச்சம் அசைகிறது. ஆய்வகத் தலைவி டாக்டர் நெகேசா விரல்விட்டு எண்ணுகிறார். “ஏம்மா, அஞ்சு கால்தானே இருக்கு? அப்பா பேரை வேற போட்டுட்டியே.” எல்லோரும் சிரிக்கிறார்கள். என் காது சுடுகிறது. எங்கள் வீட்டில் எவரும் தப்பான எதிலும் பெயரெழுதியதில்லை. அகேயோ ஒரு கண்ணாடிக் குப்பியை என்னிடம் நீட்டுகிறாள். “நீங்களே எண்ணுங்கப்பா. நான் வரைஞ்சது இந்த ஆய்வகத்துலேயே வளர்ந்த இவளைத்தான்.” உள்ளே ஒற்றைக் கொசு பின்புறத்தைத் தூக்கி உட்கார்ந்திருக்கிறது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்து இரண்டு முறை எண்ணுகிறேன். “அஞ்சுதான். வளர்த்தது நீங்க, டாக்டர். ஆறாவது காலை உங்க வீட்டுல தேடுங்க.”