யானைக்குச் சளி

"இது என்ன சங்கேத பாஷைன்னு கண்டுபிடிங்க" என்று பென் டிரைவை என் மேஜையில் வைத்தார் போலீஸ் அதிகாரி. "நாங்க பிடிச்ச ஒருத்தன் கம்ப்யூட்டர்ல இருந்து எடுத்தது. பெரிய சதி போலிருக்கு."

கூட வந்த காவலர் என் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையின் கதவைச் சாத்தினார்.

கோப்பைத் திறந்தேன். திரை முழுக்கக் கட்டங்களும் கோணல்மாணல் குறிகளும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சதியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல சார். அவர் கம்ப்யூட்டர் ரொம்பப் பழசு. உங்க புதுசுல காப்பி பண்ணினதும் எழுத்தெல்லாம் குழம்பிப்போச்சு. ரெண்டு நிமிஷம் இருங்க."

சரிசெய்து உரக்கப் படித்தேன்.

"யானைக்குச் சளி பிடித்தது. அவ்வளவு பெரிய கைக்குட்டைக்கு அது எங்கே போகும்?"

அதிகாரியின் பக்கம் திரும்பினேன்.

"குழந்தைக்கு எழுதின கதை சார். பாவம், அந்த மனுஷனை வீட்டுக்கு அனுப்பிடுங்க."

காவலர் தரையைப் பார்த்தார். "அவனும் இதையேதான் சொன்னான் சார். கடைசி வரைக்கும்."

அதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் தோளில் கை வைத்தார்.

"தம்பி, இதை மறுபடியும் பழையபடி, யாருக்கும் புரியாத மாதிரி ஆக்கிக் குடுத்துடுங்க."