அடுப்படியிலிருந்து பதில்

“தம்பி, பாதி வசனம் சொன்னா மீதிய இந்த சீடி கண்டுபிடிச்சுத் தருமா, தராதா? அத மட்டும் சொல்லுங்க.”

ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் வைகுண்டராஜிடம் இப்படி யாரும் கேட்டதில்லை. அவனிடம் வருகிறவர்கள் எல்லாம் மில்லுக்காரர்கள். நூல் ஸ்டாக், சம்பளப் பட்டியல் என்று கேட்டுவிட்டுப் போவார்கள். இந்த அம்மா கிருபாபாய், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சபையின் போதகர் வேதசிரோமணியின் மனைவி. சபையார் போதகருக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அதில் போட்டுப் பைபிள் படிக்க எந்த சாப்ட்வேர் நல்லது என்று கேட்டு வந்தவர், முக்கால் மணி நேரமாக நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

“ஐயாவையும் கூட்டிட்டு வந்திருக்கலாமேம்மா? அவர்தான பாக்கப் போறாரு?”

“நல்லா கூட்டிட்டு வந்தேன்! நீங்க எதக் காட்டினாலும் நல்லாருக்கும்பாவ. கடைக்காரர் மனசு நோகக்கூடாதுல்லா அவியளுக்கு.”

“அப்போ உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க.”

“முப்பது வருசமா நான் செய்யித வேலைய இது செய்யணும்” என்றார் கிருபாபாய். “அவிய பிரசங்கம் எழுத உக்காந்தா வசனம் பாதி வரும், அதிகாரம் வராது. முன் ரூம்புலருந்து ஒரு சத்தம். ‘ஏட்டி கிருபா, அது எங்க இருக்கு?’ நான் அடுப்படியிலருந்து பதில் சத்தம் போடணும். குழம்பு கொதிக்கும், குக்கர் கத்தும், எல்லாத்துக்கும் மேல நான் கத்தணும்.”

“அதான் தொண்டை இப்படிக் கரகரங்குதாக்கும்!” என்று வைகுண்டராஜ் சிரித்தான். அந்த அம்மாவும் சிரித்தார்.

“சிரிக்காதிய தம்பி. போன வருசம் மக பிரசவத்துக்குப் போயிட்டேன். அவியளா ஒரு நம்பரக் குறிச்சுக்கிட்டுப் போயி பிரசங்கத்துல சொல்லிட்டாவ. சபை பூரா புஸ்தகத்தத் திருப்பினா, அங்க வெறும் வம்ச வரலாறு. யாருக்கு யாரு மகன்னு ரெண்டு பக்கத்துக்கு ஓடுது. பின் பெஞ்சுல ஒரே சிரிப்பு. அன்னைக்கு மத்தியானம் அவிய சாப்பிடவே இல்லையாம். இன்னொரு தடவ அவிய அப்படித் தலைகுனிஞ்சு நிக்கக்கூடாது.”

வைகுண்டராஜ் இங்கிலீஷ் சீடியைப் போட்டான். பெரிய சீடி. அவனுக்கு அதை விற்கத்தான் ஆசை.

“பாருங்கம்மா, படம், விளக்கவுரை, மேப் எல்லாம் இருக்கு. இதோ எருசலேம்!”

“எருசலேம் எங்க இருக்குன்னு அவியளுக்குத் தெரியும். வசனம் எங்க இருக்குன்னுதான் தெரியாது. அதோட, அவிய அடுப்படியப் பாத்து ஒருநாளும் இங்கிலீஸ்ல கேட்டதில்ல.”

வைகுண்டராஜ் அதை எடுத்துவிட்டுத் தமிழ் சீடியைப் போட்டான். படமும் இல்லை, மேப்பும் இல்லை. வெறும் எழுத்து, மேலே தேடுவதற்கு ஒரு கட்டம், அவ்வளவுதான்.

கிருபாபாய் மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். “காசத் தொலைச்சுட்டு வெளக்கப் பொருத்தித் தேடுனாளே ஒருத்தி. அடிங்க.”

அவன் இரண்டு வார்த்தை அடித்துத் தட்டினான். கம்ப்யூட்டர் கொஞ்சம் முனகியது.

“லூக்கா பதினஞ்சு, எட்டு” என்றார் அவர். பிறகுதான் திரையில் அது வந்தது.

“ஆத்தாடி! மிஷினையே முந்திட்டீங்களே! பேசாம ஐயா உங்களையே வச்சுக்கிடலாம்.”

“இன்னொண்ணு. பேச்சு நின்னு போயி, புள்ளைக்குப் பேர் வைக்கப் பலகை கேட்டு எழுதுனாரே, அவரு.”

இந்தத் தடவை அந்த அம்மா முந்திக்கொள்ளவில்லை. லூக்கா ஒன்று, அறுபத்து மூன்று என்று திரையில் வந்ததும் செத்த நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சரிபார்க்கிறார் போல என்று வைகுண்டராஜ் நினைத்தான்.

“அஞ்சு செகண்டு” என்றார். “போதும். அவிய ஒத்த வெரலால தட்டுனாலும் அரை நிமிசத்துல கெடச்சிரும். இதையே குடுங்க.”

“சனிக்கிழம ஆள் அனுப்பி ஏத்தித் தாரேன்மா.”

“வியாழக்கிழமைக்குள்ள ஏத்தணும். அவிய தட்டிப் பழகுததப் பக்கத்துல நின்னு நான் பாக்கணும். அதுக்குப் பொறவு அவிய எம்புட்டுச் சத்தம் போட்டாலும் அடுப்படியிலருந்து பதில் வராது.”

இது புருசன் பெண்டாட்டிச் சண்டைதான் என்று வைகுண்டராஜ் முடிவு கட்டிவிட்டான். முப்பது வருசம் கத்தினால் யாருக்குத்தான் சலிக்காது? ஆனாலும் பார்த்தே இராத அந்தப் போதகர்மேல் அவனுக்கு இரக்கம் வந்தது.

“ஐயா பாவம்மா” என்றான்.

“பாவந்தான்” என்று ஒத்துக்கொண்டார் கிருபாபாய். வாங்கி வைத்த டீ ஆடை கட்டிக் கிடந்தது. ஒரு மடக்குக்கு மேல் அவர் குடித்திருக்கவில்லை.

வைகுண்டராஜ் சீடியை உறையில் போட்டு, மேலே தன் கார்டையும் வைத்து நீட்டினான். “ஏதாவது சந்தேகம்னா போன் போடுங்கம்மா. ஐயா வேண்டாம், நீங்களே பேசுங்க. நீங்கதான் வெவரமாக் கேக்கீங்க.”

சீடியை மட்டும் எடுத்துக்கொண்டு கார்டை மேஜை மேலேயே வைத்துவிட்டார்.

“கேக்க வேண்டியதெல்லாம் இன்னைக்கே கேட்டுட்டேன் தம்பி. வெள்ளிக்கிழம மதுரையில தொண்டையில ஆபரேஷன். கட்டியத்தான் எடுக்கப் போறாவன்னு அவியளுக்குத் தெரியும். கூடவே குரலும் போயிரும்னு நான் இன்னும் சொல்லல.”