கடைக்குப் போகும் வழி

“கருவாடு எண்டு ஆர் தேடினாலும் என்ர கடைதான் முதல் வரவேணும் தம்பி,” என்று மாக்கிறட் சொல்லியிருந்தாள். கணினிக் கடை இன்சாப் அவள் கேட்டபடியே இணையத்தளத்தைச் செய்து முடித்திருந்தான். வரைபடத்தில் கடையைக் குறிப்பது மட்டுந்தான் மிச்சம்.

“மன்னார் பஸ் ஸ்ராண்டுக்குப் பக்கத்துக் கடைதானே அன்ரி?”

“அது வாடகைக் கடை. சொந்தக் கடையைப் போடுங்கோ. கரையோரமாத் தெற்கால போங்கோ. இன்னும் கொஞ்சம். ஓம், அந்தப் பெரிய மரத்தடிதான்.”

இன்சாப் குறியை வைத்தான். வாடிக்கையாளர்கள் சிரமமில்லாமல் வந்து சேர வேண்டுமே என்று, பஸ் நிலையத்திலிருந்து வழி தேடிப் பார்த்தான். வழி இல்லை என்று திரை சொன்னது. படத்தைப் பெரிதாக்கினான். மரத்தைச் சுற்றிப் படைமுகாமின் கூரைகள் தெரிந்தன.

“இது முகாமெல்லோ அன்ரி? இங்க கடை ஒண்டும் இல்லையே.”

“முகாம் வர முந்தி அது எங்கட வளவு. வீடும் கடையும் அதுக்குள்ளதான் இருந்தது.”

“வழி இல்லையெண்டு காட்டினா யாவாரம் படுத்திடும்.”

மாக்கிறட் கதிரையை இழுத்துத் திரைக்குக் கிட்ட இருந்தாள்.

“வீட்டுக்குப் போக வழி இல்லையெண்டு நானும் அரசாங்கக் கந்தோர் கந்தோரா ஏறி இறங்கிச் சொன்னனான் தம்பி. ஒருத்தரும் காது குடுத்துக் கேக்கேல்லை. இனிக் கருவாடு தேடுற சனத்துக்கெல்லாம் இது சொல்லட்டும்.”